சுருக்குக் கயிறும் சூடச் சத்தியமும்: மைசூர்ச் சீமையில் சமயமும் குற்றமும், 1799 முதல் இன்றுவரை

ஊரில் ஒரு திருட்டு நடந்தால் ‘சாமி பயம் விட்டுப்போச்சு’ என்பது பெரியவர்களின் வழக்கமான பேச்சு. பக்தி குறைந்தால் குற்றம் கூடும் என்ற கணக்கு அந்தப் பேச்சுக்குள் இருக்கிறது. மதம்தான் மனிதனை வன்முறைக்குத் தூண்டுகிறது என்று வாதிடுவோரும் மறுபக்கம் உண்டு. இரு தரப்பும் நம்பிக்கைக்கும் குற்றத்துக்கும் நேரடித் தொடர்பு இருப்பதாகவே எடுத்துக்கொள்கின்றன. இந்த எண்ணம் எப்படி வளர்ந்தது, எங்கே சோதிக்கப்பட்டது, எந்த அளவுக்கு நிலைத்தது என்பதைப் பெங்களூரையும் அதைச் சூழ்ந்த தென்னிந்தியப் பகுதிகளையும் முன்வைத்து ஆராய்கிறது இக்கட்டுரை. நம்பிக்கையின் அளவு ஒரு சமூகத்தின் குற்ற அளவைத் தீர்மானிப்பதில்லை. நம்பிக்கையைப் பகிர்ந்துகொண்டு ஒருவரையொருவர் அறிந்து வாழும் ஊர்க்கட்டு இருக்கும் இடத்தில்தான் அதற்குக் குற்றத்தைத் தடுக்கும் வலிமை கிடைக்கிறது என்பது இதன் வாதம்.

சமயமே குற்றத்தின் வேர் என்ற கொள்கை

1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் இறந்தார். அதைத் தொடர்ந்து பெங்களூர்ச் சுற்றுவட்டாரத்தில் ஏறத்தாழ நூறு பேர் பிடிபட்டனர். வழிப்போக்கர்களைச் சுருக்கிட்டுக் கொன்று கொள்ளையடிக்கும் இவர்களுக்குப் ‘பான்சிகர்’ என்று பெயர். அப்போது கம்பெனி அதிகாரிகள் இவர்களைச் சாதாரணக் கொள்ளையராகவே கண்டார்கள். தனியொரு பரம்பரைக் கூட்டம் என்ற ஐயம்கூட எழவில்லை. 1807இல் சித்தூருக்கும் ஆற்காட்டுக்கும் இடையில் மேலும் சிலர் பிடிபட்ட பிறகே விசாரணை விரிந்தது. சென்னையில் பணியாற்றிய மருத்துவர் ரிச்சர்ட் ஷெர்வுட் 1816இல் பான்சிகர்களைப் பற்றி விரிவான கட்டுரை எழுதினார். அவர்களின் சகுனங்களும் தெய்வ வழிபாடும் அதில் இடம்பெற்றன.

இதை முழுக் கொள்கையாக வளர்த்தவர் கம்பெனி அதிகாரி வில்லியம் ஸ்லீமன். 1830 அக்டோபரில் கல்கத்தா இதழொன்றில் பெயரிடாமல் எழுதிய கடிதத்தில், விந்தியாசலத்துப் பவானி கோயிலே இக்கொலைத் தொழிலின் மையம் என்றார். 1836இல் வந்த அவருடைய ‘ராமசீயானா’ என்ற நூல், தேவிக்குச் செய்யும் கடமையாகவே தக்கர்கள் (பான்சிகர்களுக்கு வடக்கில் வழங்கிய பெயர்) கொலை செய்கிறார்கள் என்ற படிமத்தை நிலைநிறுத்தியது. அதே ஆண்டு வந்த 30ஆம் சட்டம், தக்கர் கூட்டம் ஒன்றில் எப்போதாவது இருந்ததாக மெய்ப்பிக்கப்பட்டாலே ஒருவருக்கு ஆயுள் கடுங்காவல் விதிக்க வழிசெய்தது. குறிப்பிட்ட கொலை எதையும் அவர் செய்ததாகக் காட்ட வேண்டியதில்லை. 1839இல் மெடோஸ் டெய்லர் எழுதிய தக்கர் நாவல், இந்தப் படிமத்தை இங்கிலாந்தின் வாசகர்களிடம் கொண்டுசேர்த்தது.

இக்கொள்கையின் சான்றுகளைத் தட்டிப்பார்த்தால் விரிசல் தெரிகிறது. முதலாவது, பிடிபட்டவர்களில் பலர் முஸ்லிம்கள். இந்துச் சமய வெறி என்ற விளக்கம் அவர்களுக்கு எளிதில் பொருந்தாது. இரண்டாவது, தேவியை வணங்கிவிட்டுப் பயணம் புறப்படுவது அன்றைய சிப்பாய்க்கும் உழவனுக்கும் குறுநில மன்னனுக்கும் பொதுவான வழக்கம். எல்லோரிடமும் இருக்கும் ஒன்றைக்கொண்டு சிலரின் குற்றத்தை விளக்க முடியாது. மூன்றாவது, வாக்குமூலங்களில் பெரும்பகுதி அரசுத் தரப்புக்கு மாறிய கைதிகளிடமிருந்து வந்தது. விசாரிப்பவர் கேட்க விரும்பியதைச் சொல்வதில்தான் அவர்களின் உயிர் இருந்தது.

அன்றைய ஆவணங்களே வேறு காரணங்களைக் காட்டுகின்றன. போர் முடிந்து வேலையிழந்த வீரர்கள், பங்கு வாங்கிக்கொண்டு கொள்ளையருக்கு இடம்கொடுத்த பாளையக்காரர்கள், காவலற்ற நெடுஞ்சாலைகள் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. 1810 ஏப்ரலில் தளபதி செயின்ட் லெஜர் இட்ட ஆணை, விடுப்பில் ஊர் திரும்பும் சிப்பாய்கள் சம்பளத்தைக் காசாக எடுத்துச் செல்லாமல் உண்டியலாக (பணமாற்றுச் சீட்டாக) மாற்றிக்கொள்ள வேண்டும் என்றது. பணம் எந்த வழியில் போகிறதோ அந்த வழியில் குற்றம் போகிறது என்பது அந்தத் தளபதிக்குத் தெரிந்திருந்தது. தக்கர்களை அக்காலச் சமூக, பொருளியல் சூழலில் முளைத்த கொள்ளையர்களாகவே 2007இல் வெளிவந்த கிம் வாக்னரின் ஆய்வும் காண்கிறது.

சமயமே மருந்து என்ற கொள்கை

அடுத்த கட்டத்தில் அரசின் பார்வை தலைகீழானது. 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் குற்றத்தைப் பிறப்போடு முடிச்சிட்டது. 1911இல் அது திருத்தப்பட்டபின் சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் ‘ரேகைச் சட்டம்’ எனப்பட்ட இதை எதிர்த்த பிரமலைக் கள்ளர்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது.

‘பிறவிக் குற்றவாளி’ என்று முத்திரை குத்தியவர்களைத் திருத்தும் பொறுப்பின் ஒரு பகுதியை அரசு சமய நிறுவனங்களிடம் ஒப்படைத்தது. பாபட்லா அருகே ஸ்டூவர்ட்புரம் குடியிருப்பு இரட்சணிய சேனையிடமும், காவலிக் குடியிருப்பு அமெரிக்க பாப்டிஸ்ட் சபையிடமும் போயின. இன்றைய வடகர்நாடகத்தின் ஒரு பகுதி அப்போது பம்பாய் மாகாணத்தில் இருந்தது. அங்கே ஹூப்ளி, பிஜாப்பூர், கதக் ஆகிய ஊர்களில் இத்தகைய குடியிருப்புகள் எழுந்தன. ஜெபமும் ஒழுக்கப் பாடமும் உழைப்பும் சேர்ந்தால் குற்ற மனம் மாறும் என்பது நடத்தியவர்களின் நம்பிக்கை.

மாற்றம் நிகழ்ந்த இடங்களில் அது எதனால் நிகழ்ந்தது? குடியிருப்பில் ஜெபத்தோடு நிலமும் கூலியும் பள்ளியும் இருந்தன; வேலியும் வருகைப் பதிவும் இருந்தன. இவற்றுள் எது வேலை செய்தது என்று பிரித்துக் காட்டும் ஒப்பீடு எதுவும் நடக்கவில்லை. குற்றம் என்று சொல்லப்பட்டதே எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை மீனா ராதாகிருஷ்ணா 2001இல் வெளியிட்ட நூல் எழுப்பியது. எருதுகளில் உப்பும் தானியமும் ஏற்றி ஊர் ஊராக விற்றுவந்த குறவர்களின் பிழைப்பை அரசின் உப்புக் கொள்கையும் இரயில் பாதையும் பறித்ததையும், ஸ்டூவர்ட்புரத்து மக்கள் சீராலைப் புகையிலை ஆலைக்கு மலிவான உழைப்பாளிகளாக்கப்பட்டதையும் அந்நூல் ஆவணப்படுத்துகிறது. 1952இல் குற்றப் பரம்பரைச் சட்டம் நாடு முழுவதும் நீக்கப்பட்டு அம்மக்கள் சீர்மரபினர் ஆனார்கள்.

இக்காலச் சிறைகளிலும் இதே கேள்வி தொடர்கிறது. 1975இல் ஜெய்ப்பூர்ச் சிறையிலும் 1994இல் திகாரிலும் நடந்த விபாசனா தியான முகாம்கள் பெரிதும் பேசப்பட்டன. விரும்பி முன்வரும் கைதி திருந்தும் மனத்தோடு வருபவர். அவர் திருந்தியதைத் தியானத்தின் கணக்கில் மட்டும் எழுதுவது அவசரமாகும்.

அளக்கத் தொடங்கிய அறிஞர்கள்

ஐரோப்பாவில் இக்கேள்வி எண்களின் வழியே வளர்ந்தது. பிரான்சின் குற்றப் பதிவுகளை மாவட்டவாரியாக வரைபடமாக்கி கெரி 1833இல் வெளியிட்டார். 1897இல் தற்கொலை பற்றிய ஆய்வில் எமில் துர்கைம் முக்கியமான ஒரு திருப்பத்தைக் கொண்டுவந்தார். கத்தோலிக்கமும் புராட்டஸ்டன்ட் மதமும் தற்கொலையை ஒன்றுபோலவே கண்டிக்கின்றன. ஆனால் தற்கொலை விகிதம் ஒன்றுபோல இல்லை. ஆகவே காக்கும் ஆற்றல் போதனையைவிடச் சமூகப் பிணைப்பில்தான் இருக்கிறது என்றார் அவர்.

1969இல் ஹிர்ஷியும் ஸ்டார்க்கும் கலிபோர்னிய மாணவர்களிடையே நடத்திய ஆய்வு, நரக பயத்துக்கும் இளையோர் குற்றத்துக்கும் தொடர்பில்லை என்று அறிவித்துப் பரபரப்பூட்டியது. ஸ்டார்க் பின்னர் தம் முடிவைத் திருத்தினார்: சுற்றியிருப்போரும் பக்தியுள்ளவர்களாக இருக்கும் இடத்தில்தான் ஒருவரின் பக்தி அவரைத் தடுக்கிறது. 60 ஆய்வுகளைத் தொகுத்து 2001இல் பேயரும் ரைட்டும் செய்த பகுப்பாய்வில், சமயத்துக்கு மிதமான தடுப்பாற்றல் உண்டு என்பது தெரிந்தது. நாடுகளை ஒப்பிட்டால் இந்த மிதமான விளைவும் மறைந்துவிடுகிறது. பக்தி மிகுந்த பிரேசிலில் கொலை விகிதம் மிக உயர்வு. சமயப் பிடிப்புக் குறைந்த ஜப்பானில் மிகத் தாழ்வு.

கோயில் வாசலில் ஒரு வழக்கு மன்றம்

ஸ்டார்க் பின்னர் கண்டதை நம் ஊர்கள் நடைமுறையில் வைத்திருந்தன. ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் பொருளைப் பறிகொடுத்தவர் நீதிக்கல்லில் மிளகாய் அரைத்துப் பூசுகிறார். விருத்தாசலம் அருகே கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது எழுதிக் கட்டுகிறார்கள். கர்நாடகத்தின் தர்மஸ்தலத்தில் மஞ்சுநாதர் பெயரால் செய்யும் ஆணைக்கு அஞ்சி வழக்குகள் சமரசத்தில் முடிவதுண்டு. சூடம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னால் பின்வாங்குபவனை ஊரே கவனிக்கிறது. தெய்வ பயமும் ஊர்ப்பேச்சு பயமும் அங்கே ஒன்றாகவே இயங்குகின்றன. மிளகாய் அரைத்த செய்தி திருடியவன் காதுக்கு எட்ட வேண்டும். எட்டினால் அவன் அதை நம்பவும் வேண்டும். ஒருவரையொருவர் அறிந்த ஊரில் இந்த இரண்டும் நடக்கும்.

பெங்களூரின் எண்கள்

பெங்களூர் நகர மாவட்டத்தின் மக்கள்தொகை 2001இல் 65 லட்சம். 2011இல் 96 லட்சம். பத்தே ஆண்டுகளில் ஏறத்தாழ 31 லட்சம் பேர் கூடிய இடத்தில் பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் தெரியாமல் இருப்பது இயல்பு. பக்தியோ குறையவில்லை. 2021இல் வெளியான பியூ ஆய்வு மையத்தின் கணக்கெடுப்பில் இந்தியர்களில் 97 விழுக்காட்டினர் கடவுளை நம்புவதாகக் கூறினர். கிட்டத்தட்ட எல்லோரும் நம்பும் நாட்டில், ஓரிடத்தின் குற்றம் கூடுவதையும் இன்னோரிடத்தில் குறைவதையும் நம்பிக்கையால் விளக்க இயலாது.

இணையக் குற்றத்தை எடுத்துக்கொள்வோம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின்படி பெங்களூரில் பதிவான இணையக் குற்ற வழக்குகள் 2019இல் 10,555; 2021இல் 6,423; 2022இல் 9,940. மூன்றாண்டுகளுக்குள் நகரத்தின் பக்தி இறங்கி ஏறியதாக யாரும் சொல்லமாட்டார்கள். காவல் நிலையங்களின் பதிவு முறை, பணப் பரிமாற்றம் கைப்பேசிக்கு மாறியது, புகார் தரும் வசதி ஆகியவையே இந்த ஏற்ற இறக்கத்துக்குப் பொருத்தமான விளக்கங்கள். குற்றம் கூடுவதும் பதிவு கூடுவதும் ஒன்றல்ல என்று காப்பகமே தன் ஆண்டறிக்கைகளில் எச்சரிக்கிறது. அதே காப்பகத்தின் சிறைப் புள்ளிவிவரம் கைதிகளை மதவாரியாகப் பட்டியலிடுகிறது. அதைக் காட்டி ஒரு மதத்தாரைக் குற்றவாளிகள் என்பது, 1871ஆம் ஆண்டின் பிழையை மீண்டும் செய்வதாகும். யாரைக் காவல்துறை தேடுகிறது, யாரிடம் ஜாமீனுக்குப் பணம் இருக்கிறது என்பவையும் அந்தப் பட்டியலில் கலந்திருக்கின்றன.

முடிவுரை

இருநூறு ஆண்டுகளில் சமயம் முதலில் குற்றத்தின் வேராகவும் பிறகு மருந்தாகவும் காட்டப்பட்டது. இரு முறையும் வேலையின்மை, பறிபோன பிழைப்பு, பணத்தின் பாதை, காவலின் தரம் ஆகியவை பின்னுக்குத் தள்ளப்பட்டன. ஊர்க்கட்டோடு சேர்ந்த நம்பிக்கை சிறு குற்றங்களைத் தடுக்கிறது. அக்கட்டு தளர்ந்த பெருநகரில் அதே நம்பிக்கை அந்த வேலையைச் செய்வதில்லை. இதை மேலும் சோதிக்கக் காவல் நிலையப் பதிவேடு போதாது. பாதிக்கப்பட்டவர்களிடம் வீடு வீடாகக் கேட்க வேண்டும். ஐ.டி.எஃப்.சி. நிறுவனம் பெங்களூர், சென்னை, தில்லி, மும்பை நகரங்களில் நடத்தி 2017இல் வெளியிட்ட கணக்கெடுப்பு அதற்கு ஒரு முன்மாதிரி. அத்தகைய கணக்கெடுப்பை அரசு ஆண்டுதோறும் நடத்தி, அக்கம்பக்க உறவு பற்றிய கேள்விகளையும் அதில் சேர்க்க வேண்டும்.