தாது வருஷப் பஞ்சமும் ஒரு ராத்தல் தானியமும்

1876-இல் மழை பொய்த்துத் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தை விளைச்சல், விலை, தானிய ஏற்றுமதி ஆகியவற்றின் வரலாறாகவே பெரும்பாலும் எழுதிவந்திருக்கிறோம். பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பெருந்தொகையினரைக் கொண்டுபோனவை காலரா, பெரியம்மை, வயிற்றுக்கடுப்பு, மலேரியா. ஆகவே பஞ்ச நிவாரணம் எந்த அளவுக்கு மருத்துவத்தின் பொறுப்பாயிற்று என்ற கேள்வியும் கேட்கப்பட வேண்டியது.

சென்னைக்கு இந்தத் தொடர்பு பழையது. ஹைதர் அலியின் படையெடுப்பை ஒட்டிய பஞ்சத்தில், 1782-இல், மணியக்காரர் சத்திரம் ஏற்பட்டது. 1799-இல் அதையொட்டி ஒரு மருத்துவமனை வந்தது. இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை அதன் வழிவந்ததே. வடசென்னையில் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்லும் வழக்கம் இன்னும் போகவில்லை.

1877-இல் நிலைமை வேறு. இந்திய அரசின் பிரதிநிதியாகச் சென்னை வந்த ரிச்சர்ட் டெம்பிள், 1873–74 பீகார் பஞ்சத்தில் பர்மா அரிசியைத் தாராளமாக இறக்கி உயிர்களைக் காத்தவர். அதற்காகவே செலவாளி என்று வசவும் வாங்கியவர். இம்முறை கையை இறுக்கிக்கொண்டார். நாள் முழுதும் மண் சுமக்கும் ஆணுக்கு ஒரு ராத்தல், அதாவது சுமார் 450 கிராம் தானியமும், மேற்கொண்டு ஓர் அணாவும் போதும் என்று விதித்தார். பெண்களுக்கும் வேலைசெய்யும் சிறுவர்களுக்கும் அதிலும் குறைவு.

மாகாண சுகாதார ஆணையர் டபிள்யூ. ஆர். கார்னிஷ் இதை ஏற்கவில்லை. ஒன்றரை ராத்தல் தானியமாவது வேண்டும், அதோடு பருப்பும் காய்கறியும் சேர வேண்டும் என்று வாதாடினார். வெறும் தானியத்தை வைத்து உழைக்கும் உடம்பைத் தாங்க முடியாது என்பது அவர் கட்சி. 1877 மார்ச்சில் மாகாண அரசு 570 கிராம் தானியம், 43 கிராம் பருப்பு என்று படியை உயர்த்தியது. ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் நடுவே ஒன்றேகால்: கஜானாவும் மருத்துவமும் பேரம் பேசிப் படிந்த இடம் இது. ஆயினும் பட்டினிப்படி ஒரு மருத்துவ வாதத்தால் மாறியது என்பதே இதில் முக்கியம்.

படியைவிடக் கொடியது, அதைப் பெறும் வழி. வேலைத்தலம் ஊரைவிட்டுத் தள்ளியிருந்தால்தான் உண்மையான ஏழை மட்டும் வருவான் என்பது அதிகாரிகளின் கணிப்பு. நடக்கத் தெம்புள்ளவனுக்கே கஞ்சி கிடைத்தது. வந்து சேர்ந்த ஆயிரக்கணக்கானோர் ஒரே நீர்நிலையில் குடித்தார்கள், அதன் அருகிலேயே மலம் கழித்தார்கள். காலராவுக்கு வேறென்ன வேண்டும்? முகாம்களில் இறந்தோரை அறுத்து ஆராய்ந்த அலெக்சாண்டர் போர்ட்டர் 1889-இல் வெளியிட்ட நூல் பஞ்ச நோய்களை விரிவாகப் பதிவுசெய்தது. நெடுநாள் பட்டினியில் குடல் மெலிந்து செரிக்கும் திறனை இழந்துவிடுகிறது. தாமதமாக வந்தவருக்குச் சோறு போட்டும் பயனில்லாமல் போவது அதனால்தான். பிறகு மழை வந்தது. மலேரியாவும் வந்தது, மெலிந்த உடம்புகள் அதைத் தாங்கவில்லை.

ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி தலைமையிலான பஞ்சக் கமிஷன் 1880-இல் அறிக்கை தர, 1883-இல் பஞ்ச விதித்தொகுப்பு உருவாயிற்று. உழைக்க இயலாதோருக்கு இலவச உதவி என்பது விதியாக எழுதப்பட்டது. அதை நடத்தும் அதிகாரம் மட்டும் வருவாய்த் துறையின் கையிலேயே நின்றது. நிலவரியை வசூலிக்கும் கலெக்டரே மாவட்டத்தில் பஞ்ச நிவாரணத்தை நடத்துபவரும் ஆனார். கார்னிஷ் வென்றது படியளவில்தான், அதுவும் பாதி, அதிகாரத்தில் அல்ல.

அந்த அமைப்பின் எலும்புக்கூடு இன்னும் கலையவில்லை. 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தின் தலைவர் ஆட்சியர். மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி அதில் ஓர் உறுப்பினர். தமிழ்நாட்டில் துறையின் பெயரே வருவாய் மற்றும் பேரிடர் மேலாண்மைத் துறை.