கணினிப் படவுரு

கணினித் திரையில் ஒரு கோப்பையோ செயலியையோ கட்டளையையோ குறிக்கும் சிறு படம் படவுரு. பேச்சு வழக்கில் ஐகான். 1975இல் டேவிட் கான்ஃபீல்டு ஸ்மித் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அளித்த ‘பிக்மேலியன்’ என்ற முனைவர் பட்ட ஆய்வேட்டின் வழியாக இந்தக் கருத்து கணினித் துறைக்குள் வந்தது. பின்பு அவர் பணியாற்றிய ஜெராக்ஸ் நிறுவனம் 1981இல் ‘ஸ்டார்’ என்ற அலுவலகக் கணினியை வெளியிட்டது. அதில் ஆவணத்தின் படத்தை அச்சுப்பொறியின் படத்துக்கு நகர்த்தினால் தாள் அச்சாகி வந்துவிடும். ஸ்டாரின் படங்கள் வரைந்தவரின் விருப்பத்தை மட்டும் நம்பித் தேர்வானவை அல்ல. நான்கு தொகுதிகளை வரைந்து, ஆட்களிடம் காட்டி, எந்தப் படத்துக்கு என்ன பெயர் சொல்கிறார்கள், பெயரைச் சொன்னால் எவ்வளவு விரைவாகப் படத்தைக் கண்டுபிடிக்கிறார்கள் என்றெல்லாம் சோதித்த பிறகே முடிவு செய்தார்கள். பிற்காலத்தில் வந்த பலர் இந்தப் பொறுமையைக் கைவிட்டது பெரும் இழப்பு.

படவுருவைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்தது 1984இல் வந்த ஆப்பிள் மெக்கின்டோஷ். அதன் படங்களை வரைந்த சூசன் கேர் ஓவியக் கலை பயின்றவர். கட்டம் போட்ட நோட்டில் 32க்கு 32 கட்டங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் கறுப்பாக நிரப்புவதா வெறுமையாக விடுவதா என்று முடிவு செய்தபடி வரைந்தார். சாம்பல் நிறத்துக்குக்கூட இடமில்லாத அந்த 1,024 புள்ளிகளுக்குள் குப்பைத்தொட்டி, கைக்கடிகாரம், பெயின்ட் வாளி, சிரிக்கும் கணினி எல்லாம் பிறந்தன. விசைப்பலகையின் கட்டளை விசைக்கு முதலில் ஆப்பிள் சின்னத்தையே போட்டிருந்தார்கள். கட்டளைப் பட்டியெங்கும் அது நிறைந்து மலிவாகிவிடுவதாக ஸ்டீவ் ஜாப்ஸ் கருதவே, கேர் உலகக் குறியீடுகளின் அகராதி ஒன்றைப் புரட்டி, சுவீடனில் பார்க்கத் தகுந்த இடங்களைக் காட்டும் நான்கு சுழிக் குறியை எடுத்தார். இன்றைய மெக் விசைப்பலகைகளிலும் அதுவே இருக்கிறது. 1990இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட விண்டோஸ் 3.0க்கும் அவரே 16 வண்ணங்களில் படவுருக்கள் வரைந்தார். இடைமுகத் தோற்றம் யாருக்குச் சொந்தம் என்று ஆப்பிள் 1988இல் மைக்ரோசாஃப்ட்மீது தொடுத்த வழக்கு, 1994இல் மேல்முறையீட்டிலும் ஆப்பிளுக்குச் சாதகமாகவில்லை.

திரைகளின் புள்ளிகள் நுணுகியபோது அளவுகளும் பெருகின. விண்டோஸ் 95 காலத்தில் 16, 32, 48 புள்ளி அளவுகள் வழக்கமாயின. விண்டோஸ் விஸ்டாவில் 256 வந்தது. மெக் ஓஎஸ் எக்ஸ் 2001இல் 128இல் தொடங்கி, 2007இல் 512ஐத் தொட்டது. பெரிய படத்தைச் சுருக்கிச் சிறியதாக்கிவிடலாம் என்று தோன்றும். ஆனால் 16 புள்ளி அகலத்தில் சாய்கோடு படிக்கட்டாக உடையும், மெல்லிய விளிம்பு மங்கும். அதனால் ஒரே படத்தை ஒவ்வோர் அளவுக்கும் தனியாக வரைந்து ஒரே கோப்பில் அடுக்கிவைக்கும் முறை விண்டோஸில் நிலைத்தது.

இயங்குதளங்களைக் கடந்த பொது நெறிக்கான நல்ல முயற்சி லினக்ஸ் உலகிலிருந்து வந்தது. க்னோம், கேடிஇ ஆகிய மேசைத்தளங்கள் ஒரே செயலுக்கு வெவ்வேறு கோப்புப் பெயர் வைத்திருந்ததால், ஒன்றுக்கு எழுதிய செயலி மற்றொன்றில் படமில்லாமல் நிற்கும். ஃப்ரீடெஸ்க்டாப் அமைப்பு வகுத்த நெறி, படத்தை விட்டுவிட்டுப் பெயரைப் பொதுவாக்கியது: திறப்பதற்கு ‘டாக்குமென்ட்-ஓப்பன்’, நகலெடுக்க ‘எடிட்-காப்பி’. ‘இன்புட்-மவுஸ்-யுஎஸ்பி’ என்ற படம் தொகுதியில் இல்லையென்றால் கணினி ‘இன்புட்-மவுஸ்’ படத்தைத் தேடி எடுத்துக்கொள்ளும். 2005இல் தொடங்கிய டாங்கோ திட்டம் பொது வண்ணத் தட்டையும் ஒரே ஒளித் திசையையும் வகுத்து, எந்த இயங்குதளத்திலும் துருத்தாத படங்களை வழங்கியது. ஐஎஸ்ஓ/ஐஇசி 11581 என்ற பன்னாட்டுத் தரமும் உண்டு; ஆனால் பெருநிறுவனங்கள் பெரிதும் தத்தம் கையேடுகளின்படியே நடந்தன.

கைப்பேசிக் காலத்தில் தோற்றம் தலைகீழானது. தோல், மரம், கண்ணாடி போல் மினுங்கிய படங்களை விண்டோஸ் 8 (2012), ஐஓஎஸ் 7 (2013), கூகுளின் மெட்டீரியல் டிசைன் (2014) ஆகியவை தட்டையாக்கின. ஆண்ட்ராய்டு 8 (2017) செயலிப் படவுருவை முன்னடுக்கு, பின்னடுக்கு என்று பிரித்தது. 108 அலகுப் பரப்பில் நடுவிலுள்ள 66 அலகு வட்டம் மட்டுமே எப்போதும் வெட்டுப்படாது. வெளி வடிவம் வட்டமா சதுரமா என்பதைக் கைப்பேசி தீர்மானிக்கும்.

ஆக, அளவுக்கும் பெயருக்கும் நெறிகள் வந்துவிட்டன; பொருளுக்கு வரவில்லை. பகிர்வதற்கு ஐஃபோனில் பெட்டியிலிருந்து மேலெழும் அம்பு. ஆண்ட்ராய்டில் மூன்று புள்ளிகளை இணைக்கும் இரு கோடுகள். சேமிப்பதற்கு இன்றும் பயன்படும் ஃப்ளாப்பி வட்டை இளையவர்கள் பலர் கையில் தொட்டதேயில்லை. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பானோ படத்தைவிட அதனுடன் எழுதிவைத்த சொல்லையே பெரிதும் நம்பியிருக்கிறது. உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் அணுகல் நெறிகள் 1999 முதலே அச்சொல்லைக் கேட்கின்றன. தமிழில் செயலி செய்வோர் ஒவ்வொரு படவுருவுடனும் தமிழ்ப் பெயர் ஒன்றையும் சேர்த்தே வெளியிட வேண்டும்.