குடவாசல் வட்டார நாதசுவரம்: திமிரியிலிருந்து பாரிக்கு

இன்று தமிழகக் கோயில்களிலும் கச்சேரி மேடைகளிலும் பெரும்பாலும் ஒலிக்கும் நீண்ட குழல் பாரி நாதசுவரம் எனப்படுகிறது. அதற்கு முன் பெருவழக்காக இருந்தது திமிரி என்னும் குட்டையான, உரத்த குரல் கொண்ட நாதசுவரம். திருவாரூர் மாவட்டத்தின் குடவாசல் வட்டமும் அதற்கு வடக்கே உள்ள காவிரிக்கரை ஊர்களும் இக்கலை வேரூன்றிய பகுதி. இருபதாம் நூற்றாண்டில் இங்கே குழல் நீண்டது. அதனால் சுருதி இறங்கியது. சுருதி இறங்கியதால் கலைஞரின் இடமும் மாறியது.

வட்டாரத்தின் புகழ்பெற்ற சகோதரர்கள்

குடவாசல் வட்டத்தைச் சேர்ந்த திருப்பாம்புரத்தில் நடராஜசுந்தரம் பிள்ளை, சிவசுப்பிரமணிய பிள்ளை என்னும் சகோதரர்கள் இணைந்து நாதசுவரம் வாசித்தனர். முத்துசாமி தீட்சிதரின் கீர்த்தனைகளைச் சாத்தனூர் பஞ்சநதையரிடம் கற்றனர். அவற்றைச் சுர எழுத்துகளுடன் நடராஜசுந்தரம் பிள்ளை 1936-இல் ‘தீட்சித கீர்த்தனைப் பிரகாசிகை’ என்ற நூலாக வெளியிட்டார். புல்லாங்குழல் மேதை டி. என். சுவாமிநாத பிள்ளை இவருடைய மகன்.

அதே வட்டத்துத் திருவீழிமிழலையைச் சேர்ந்த சுப்பிரமணிய பிள்ளை, நடராஜசுந்தரம் பிள்ளை சகோதரர்களும் கீர்த்தனைகளை ஒரே குரல்போல வாசிப்பதில் பெயர் பெற்றவர்கள். இருவர் சேர்ந்து வாசிக்க இரண்டு குழல்களும் துல்லியமாக ஒரே சுருதியில் இருக்க வேண்டும். ஆகவே குழல் செய்பவரின் கைத்திறனும் கச்சேரியின் ஒரு பகுதியாகிறது.

கருவியின் அமைப்பு

மேலே குறுகிக் கீழே விரியும் மரக்குழல் உலவு எனப்படும். அதன் அடியில் பொருத்தப்படும் புனல் போன்ற பகுதி அணசு. மேலே கெண்டை என்னும் உலோகத் துண்டில் சீவாளி செருகப்படும். விரலால் மூடித் திறக்கும் துளைகள் ஏழு. அவற்றுக்குக் கீழுள்ள ஐந்து துளைகளை மெழுகால் கூட்டிக் குறைத்துச் சுருதி சரிசெய்வர். அரைச்சுரங்களையும் கமகங்களையும் விரலோடு உதடும் மூச்சும் சேர்ந்து உருவாக்குகின்றன.

நீளமும் சுருதியும்

குழலின் நீளம் கூடினால் சுருதி தாழும் என்பது பொது விதி. ஐரோப்பிய இராணுவ பேண்டுகளுக்கு அழுத்தமான தாழ்குரல் தேவைப்பட்டபோது, 1835-இல் பெர்லினில் வீப்ரெக்ட், மோரிட்ஸ் ஆகிய இருவர் டியூபாவுக்குக் காப்புரிமை பெற்றனர். ஏறத்தாழ 12 அடி நீளப் பித்தளைக் குழாயைச் சுருட்டி வளைத்ததால் அதை ஒருவர் ஏந்தி வாசிக்க முடிந்தது. சுரங்களை மாற்ற வால்வுகள் இருந்தன. நாதசுவரம் மரத்தால் ஆனது. அதை வளைக்க இயலாது. துளைகளையும் விரல்களே நேராக மூட வேண்டும். எனவே விரல் எட்டும் தூரமே அதன் நீளத்துக்கு எல்லை. அந்த எல்லைக்குள் நின்றே பாரி உருவானது. அதன் நீளம் சுமார் இரண்டரை அடி. சுருதி ஏறக்குறைய இரண்டு முதல் இரண்டரைக் கட்டை. திமிரியின் சுருதி நான்கு கட்டைக்கும் மேல்.

நரசிங்கம்பேட்டையில் நடந்த மாற்றம்

திமிரியின் குரல் திருவீதி உலாவுக்கு ஏற்றது. ஒலிபெருக்கி இல்லாமலே தொலைதூரம் கேட்கும். ஆனால் அதில் சுத்த மத்திமம் எளிதில் சுத்தமாக விழாது. உதட்டாலும் மூச்சாலும் சரிக்கட்ட வேண்டியிருந்தது. திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) இக்குறை நீங்கிய குழலை நாடினார். ஆடுதுறைக்கு அருகிலுள்ள நரசிங்கம்பேட்டையில் ரங்கநாதன் ஆசாரி நீளத்தையும் துளைகளின் இடத்தையும் மாற்றிப் பாரி நாதசுவரத்தைச் செம்மைப்படுத்தினார். செய்பவரும் வாசிப்பவரும் அடுத்தடுத்த ஊர்க்காரர்கள் என்பதால் செய்து, வாசித்து, திருத்துவது எளிதாயிற்று.

சுருதி, பாடகரின் குரலளவுக்கு நெருங்கி வந்தது. ராஜரத்தினம் பிள்ளை ஒத்து நாயனத்துக்குப் பதிலாகத் தம்புராவை வைத்துக்கொண்டு மேடையில் அமர்ந்து வாசித்தார். ஊர்வலத்தில் நின்றும் நடந்தும் வாசித்த கலைஞர், பாடகருக்கு நிகராகச் சபையில் அமர்ந்தார்.

குழல் வாங்குதல்

நாதசுவரம் ஆச்சா மரத்தில் கடையப்படுகிறது. புதிய மரம் ஈரம் உலரும்போது சுருங்கி வெடிக்கும். துளையின் அளவும் கெடும். அதனால் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும், பல பத்தாண்டுகள் காய்ந்த தூண்களையும் உத்தரங்களையும் ஆசாரிகள் தேடி வாங்குகின்றனர். குழல் வாங்க வருபவர் தமக்குப் பழகிய சீவாளியைப் பொருத்தி வாசித்துப் பார்ப்பது நல்லது. சீவாளி மாறினால் குரலும் மாறும்; குறை குழலில் உள்ளதா சீவாளியில் உள்ளதா என்று தெரியாது. மத்திமம் சுத்தமாக விழுகிறதா, மேல் ஸ்தாயி சிரமமின்றி எழுகிறதா என்று கவனிக்க வேண்டும். பழைய குழலானால் மயிரிழை வெடிப்பும் தேய்ந்து அகன்ற துளைகளும் உண்டா என்று பார்க்க வேண்டும். திமிரியில் பழகியவர் பாரிக்கு மாறும்போது விரல்களை அகட்டி வைக்கவும், கூடுதல் மூச்சைத் தாங்கவும் மீண்டும் பழக வேண்டும்.

இன்றைய நிலை

நரசிங்கம்பேட்டை நாதசுவரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இது ஊரின் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு தரும். ஆயினும் பழைய மரவீடுகள் குறையக் குறைய, காய்ந்த ஆச்சா மரம் கிடைப்பதும் அரிதாகிறது. குழல் கடையும் தொழிலுக்குப் பல ஆண்டுப் பயிற்சி தேவை, வாசிப்புக்கும் அவ்வாறே. மரமும், அதைக் கடையும் கையும், ஊதும் மூச்சும் அடுத்த தலைமுறையிலும் கிடைத்தால்தான் இந்த மரபு தொடரும்.