போளியா, பொப்பட்டா?



ஜப்பானில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் நேற்று ஒரு படம் அனுப்பினார். சின்ன சிவப்புப் பயறை வேகவைத்து, சர்க்கரை போட்டுக் கிளறி, மாவுக்குள் வைத்த இனிப்பு. "டீச்சர், இது நம்ம போளி பூரணம் மாதிரியே இருக்கு" என்று எழுதியிருந்தார். அதைப் பார்த்ததும் ஒரு பழைய தப்பு நினைவுக்கு வந்துவிட்டது.

பல வருடங்களுக்கு முன், யுகாதிக்கு மறுநாள். என் வகுப்பில் தெலுங்கு பேசும் வீட்டுப் பெண் ஒருத்தி டிபன் பாக்ஸில் பொப்பட்லு கொண்டுவந்தாள். பக்கத்துப் பையன் "இது போளி" என்றான். இவள் "இல்ல, பொப்பட்டு" என்றாள். சண்டை என்னிடம் வந்தது. நானும் யோசிக்காமல், "போளி தமிழ்ப் பலகாரம்மா, நீங்க பேரை மாத்திட்டீங்க" என்று சொல்லிவிட்டேன். வகுப்பு சிரித்தது. அவள் டப்பாவை மூடி பைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஓய்வு பெற்றபின் படித்ததில் தெரிந்தது: கன்னட நாட்டின் கல்யாணியிலிருந்து ஆண்ட மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டில் எழுதிய 'மானசோல்லாசம்' என்ற சமஸ்கிருத நூலிலேயே இந்தப் பூரணம் வைத்த பண்டம் வருகிறது. மராத்தியர் இதைப் பூரண்போளி என்கிறார்கள். கன்னடத்தில் ஒப்பட்டு, ஹோளிகெ. ஆக, நான் தமிழுக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்த 'போளி' என்ற பெயர் மராத்தியிலும் இருக்கிறது!

இன்னொன்றும் சொல்கிறேன். திருமலைக் கோயில் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழில்தான் இருக்கின்றன. பெருமாளுக்குப் படைத்த அதிரசப்படி, மனோகரப்படி எல்லாம் அவற்றில் வரும். அந்த அதிரசத்தைத் தெலுங்கில் அரிசெலு என்பார்கள். யார் யாரிடம் கற்றார்கள் என்று எப்படிப் பிரிப்பது?

நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது திருத்தணி சித்தூர் மாவட்டத்தோடு அங்கே போனது. ம.பொ.சி., மங்கலங்கிழார் போன்றோர் நடத்திய போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. என் அக்கா பிறந்தது ஆந்திராவில். நான் பிறந்தது சென்னை மாநிலத்தில். இருவரும் பிறந்தது ஒரே வீட்டில், அதே அறையில்!

அந்தப் போராட்டத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அது நடக்காமலிருந்தால் நான் தமிழாசிரியராக இதே ஊரில் வேலை பார்த்திருப்பேனா தெரியாது. ஆனால் அந்த வருடங்களிலும் எங்கள் அம்மா யுகாதிக்குப் பக்கத்து வீட்டு அத்தையோடு உட்கார்ந்துதான் பூரணம் உருட்டினார். கடலைப்பருப்பு வெந்த தண்ணீரைக் கொட்டாமல் ரசம் வைப்பார்கள். வாழையிலையில் எண்ணெய் தடவித் தட்டுவது அத்தை, கல்லில் போட்டு எடுப்பது அம்மா. ஒருவர் போளி என்பார், மற்றவர் பொப்பட்டு என்பார். எங்களுக்குக் கிடைத்தது ஒரே தட்டுதான்.

அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறாளோ. யாருக்காவது தொடர்பு இருந்தால் இதைக் காட்டுங்கள். அம்மா, அன்று நீ சொன்னது சரி, டீச்சர்தான் தப்பு. மறுபடி டப்பாவைத் திறந்தால் எனக்கு இரண்டு வை. சர்க்கரை வியாதி இருக்கிறதுதான், ஒரு நாளைக்குப் பரவாயில்லை.