கணக்கில் வராத புயல் சாவு

எங்கள் பெரியம்மா செத்தது புயலிலா, சர்க்கரையிலா? வீட்டில் யாரும் இதைக் கேட்கவில்லை. ஆபீசில்தான் கேட்டார்கள்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியது. ஏறின இடத்திலேயே பல மணி நேரம் நகராமல் நின்று கொட்டியது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. மேற்கே ஊத்தங்கரையிலும் ஏறக்குறைய அவ்வளவு. அந்தத் தண்ணியெல்லாம் தென்பெண்ணை வழியாக சாத்தனூர் அணைக்கு வந்து சேர, டிசம்பர் 2 விடியறதுக்கு முன்னாடி விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி திறந்துவிட்டார்கள். எச்சரிக்கை கொடுத்தோம் என்றது அரசு. முறையாகக் கொடுக்கவில்லை என்றன எதிர்க்கட்சிகள். மணலூர்ப்பேட்டைப் பக்கம் ஆற்றோரம் கிடக்கிற எங்களுக்குத் தண்ணியே வந்துதான் சொன்னது.

ஊர் மேட்டில் இருக்கிறது, சேரி பள்ளத்தில் இருக்கிறது. இதை ஆறா வகுத்தது? ‘இயற்கைச் சீற்றம்’ என்று எழுதுகிற பத்திரிகைக்காரர்கள் இந்த மேடு பள்ளத்தைப் பார்ப்பதே இல்லை. அதற்குச் சரியாக அஞ்சு வருஷம் முன்னாடி, 2019 டிசம்பர் 2 அன்று, மேட்டுப்பாளையம் நடூரில் மழையில் ஊறிய கருங்கல் சுவர் விழுந்து 17 தலித்துகள் செத்தார்கள். அது கண்ணுக்குத் தெரிந்த சாவு, கணக்கில் வந்துவிட்டது. நான் சொல்ல வந்தது கணக்கில் வராததை.

பெரியம்மாவுக்கு இருபது வருஷச் சர்க்கரை. வீட்டில் பிரிட்ஜ் கிடையாது. இன்சுலின் பாட்டிலை ஈரமணல் போட்ட பானையில் வைத்திருப்பாள். பானை போச்சு, மாத்திரை போச்சு, சீட்டும் போச்சு. பள்ளிக்கூடத்தில் நாலு நாள் தங்கினோம். சோறு வந்தது, பிஸ்கட் வந்தது, இன்சுலின் வரவில்லை. வீடு திரும்பி வெறுங்காலோடு சேறு வாரினபோது தகரம் கிழித்திருக்கிறது. மரத்துப்போன கால், அவளுக்கே தெரியவில்லை. பத்தாம் நாள் நாற்றம் வந்த பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினோம். போன இடத்தில், “ஏம்மா, காலை இப்பிடியா அழுக்கா வெச்சிருப்ப?” என்று ஒரு நர்ஸ் கேட்டார். “இன்சுலின் ஸ்டாக் இல்ல, வெளிய வாங்கிக்குங்க” என்றார்கள். அப்புறம் பெரிய ஆஸ்பத்திரி. முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். பிப்ரவரியில் செத்தாள். சர்டிபிகேட்டில் காரணம் சர்க்கரை நோய்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை. 2017-இல் போர்ட்டோரிக்கோ தீவை மரியா புயல் அடித்தபோது அரசாங்கம் சொன்ன சாவு 64. அடுத்த வருஷம் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்குப் பிறகு 2,975 என்று அதே அரசாங்கம் ஒத்துக்கொண்டது. கரண்ட் இல்லாமல், மருந்து இல்லாமல், டயாலிசிஸ் இல்லாமல் போனவர்கள் அவர்கள். 2024-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு இன்னும் தூரம் போகிறது. 1930 முதல் 2015 வரை அமெரிக்காவைத் தாக்கிய 501 புயல்களை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு புயலுக்கு அரசு எண்ணிய சாவு சராசரி 24. ஆனால் அடுத்த 15 வருஷத்தில் அதனால் கூடிய சாவு 7,000 முதல் 11,000 வரை. இதில் கறுப்பின மக்களுக்கே ஆபத்து அதிகம். நமக்கு இது புதுசா என்ன?

எங்கள் மாவட்டத்துக்கு மருத்துவக் கல்லூரி 2022-இல்தான் வந்தது. 2024 ஜூன் மாதம் விஷச் சாராயத்தில் 60 பேருக்கு மேல் செத்தபோது, உயிருக்குப் போராடியவர்களைச் சேலத்துக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் அனுப்ப வேண்டியிருந்தது. அன்றைக்கு ரோடாவது இருந்தது. டிசம்பர் 2 அன்று அரசூரில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையையே தென்பெண்ணை மூடிவிட்டது. கல்வராயன் மலைக்காரர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். ஓடை பெருகினால் பிள்ளைத்தாச்சியைத் தொட்டில் கட்டித் தூக்கி வருவது அவர்களுக்குப் பழகின கதை. 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் கிடந்த மலை அது.

ஆஸ்பத்திரி தயார் என்றால் ஜெனரேட்டரையும் ஆக்சிஜன் சிலிண்டரையும் காட்டுகிறார்கள். வேண்டும்தான். பாம்புக்கடி மருந்தும் வேண்டும். சேறு வாருகிற துப்புரவுத் தொழிலாளிக்கு எலிக்காய்ச்சல் வராமலிருக்க டாக்சிசைக்ளின் வேண்டும், கேரளத்தில் 2018 வெள்ளத்தில் கொடுத்தார்கள். ஆனால் தயாரிப்பு தொடங்க வேண்டிய இடம் பள்ளத்தெரு. ஃபெஞ்சலுக்கு ஒரு மாதம் முன்னாடி, டானா புயல் வருவதற்குள் ஒடிசாவில் 4 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளை ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இங்கே ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 முதல் வீடு வீடாக மாத்திரை கொடுக்கிறது. யாருக்குச் சர்க்கரை, யாருக்குப் பிரஷர் என்று நோட்டில் பெயரே இருக்கிறது. புயல் வருவது நாலு நாள் முன்னாடி தெரியும். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு பள்ளத்தெருவுக்கு ஒரு நடை வர என்ன தடை?

நிவாரணம் 2,000 ரூபாய் எங்கள் கார்டுக்கும் வந்தது. புயலில் இறந்தவர் குடும்பத்துக்கு 5 லட்சம் என்று அறிவித்திருந்ததால் அண்ணன் மனு எழுதிக் கொடுத்தார். “இது சக்கர நோயி சாவு, புயல் சாவு இல்ல” என்று திருப்பிவிட்டார்கள். மறுபடி நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். சாவுக்குக் காரணம் என்ற இடத்தில் ‘ஃபெஞ்சல் புயல்’ என்றே எழுதியிருக்கிறேன்.