உமாமகேசுவரனார், த. வே. (1883–1941)

தஞ்சாவூர் வழக்கறிஞர், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் முதல் தலைவர், கரந்தைப் புலவர் கல்லூரியை உருவாக்கியவர். 'தமிழவேள்' என்று அழைக்கப்பட்டார்.

தஞ்சை நகரை அடுத்து, வடவாற்றுக்கு அப்பால் உள்ள கருந்தட்டாங்குடியில் பிறந்தார். கரந்தை என்பது அவ்வூரின் சுருக்கப் பெயர். தஞ்சையிலும் சென்னைச் சட்டக் கல்லூரியிலும் பயின்று, தஞ்சையில் வழக்காடத் தொடங்கினார். நிலவழக்குகளுக்குக் குறைவில்லாத நெல்வள நாட்டில் அது வருமானமுள்ள தொழில். அவரோ மாலைப்பொழுதுகளைச் சங்கத்துக்கு ஒதுக்கினார்.

சங்கத்தைத் தொடங்கியவர் தம்பி இராதாகிருட்டிணர். 1911 மே 14 அன்று கூடிய அந்தச் சிறு அமைப்புக்கு அண்ணன் தலைவரானார். 1918இல் தம்பி மறைந்தபின் முழுப் பொறுப்பும் அவர்மேல் விழுந்தது. முப்பது ஆண்டுகள் அவரே தலைவர். பாண்டித்துரைத் தேவரின் மதுரைத் தமிழ்ச் சங்கத்துக்கு ஜமீன் பின்பலம் இருந்தது. கரந்தைக்கு அது கிடையாது. நன்கொடை திரட்டுவது, இடம் தேடுவது, கணக்கு எழுதுவது என்று வக்கீலுக்குரிய காரியத்திறன்தான் சங்கத்தைக் காப்பாற்றியது எனலாம். நூலகம் வளர்ந்தது, 1925இல் 'தமிழ்ப் பொழில்' இதழ் வந்தது. மனோன்மணீயத்தின் தமிழ்த்தெய்வ வணக்கத்தைச் சங்க விழாக்களில் பாடும் வழக்கமும் இங்கே வேரூன்றியது. தமிழக அரசு அப்பாடலைத் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றது 1970இல்தான்.

நீதிக்கட்சிக்காரர்; தஞ்சை வட்டக் கழகத் (தாலுகா போர்டு) தலைவராக இருந்து ஊர்ப்புறங்களில் பள்ளிகள் திறந்தார். 1937இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கும் திட்டம் வந்தபோது, சங்கம் அதை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது.

புலவர் கல்லூரி 1938இல் பிறந்தது. அவர் தமிழாசிரியர் அல்லர். வகுப்பறையைப் புலவர்களிடம் விட்டுவிட்டு நிர்வாகத்தைத் தாம் சுமந்தார். இந்தப் பணிப்பகிர்வில்தான் அவருடைய கூர்மை தெரிகிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பணி முடித்து வந்த நடுக்காவேரி ந. மு. வேங்கடசாமி நாட்டார் 1940இல் மதிப்பியல் முதல்வரானார். 1944இல் மறையும்வரை அப்பணியில் இருந்தார். தமிழுக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் வேண்டும் என்பது இருவருக்கும் பொதுவான கனவு. தாகூரின் சாந்திநிகேதனத்தைக் காணும் விருப்பமும் உமாமகேசுவரனாருக்கு இருந்தது. அதற்காக மேற்கொண்ட வடநாட்டுப் பயணத்தின்போதே, 1941 மே 9 அன்று, அயோத்தியை அடுத்த பைசாபாத்தில் காலமானார்.

தஞ்சாவூரில் தமிழ்ப் பல்கலைக்கழகம் அமைந்தது 1981இல்.