பசிப்புல்

அயர்லாந்தின் மேற்குப்புறக் கிராமங்களில், நெடுவழி நடப்போர் ஒரு துண்டு ரொட்டியை உடன் எடுத்துச் செல்லும் வழக்கம் முன்னாளில் இருந்தது. வழியில் எங்கேனும் 'பசிப்புல்' முளைத்திருக்கலாம். அறியாது அதை மிதித்தவன் திடீரெனப் பெரும்பசி மேலிட்டுச் சோர்ந்து விழுவான். ஒரு வாய் உணவு கிடைத்தால்தான் பிழைப்பான் என்பது அம்மக்களின் நம்பிக்கை. பஞ்ச காலத்தில் பட்டினியால் ஒருவர் மாண்ட இடத்திலே அப்புல் முளைக்கும் என்று சொல்வாரும் உண்டு.

அப்பஞ்சம் 1845ஆம் ஆண்டில் தொடங்கியது. உருளைக்கிழங்குப் பயிரை அழுகல் நோய் தாக்கியது. ஏழைக் குடியானவருக்கு அக்கிழங்கே ஏறக்குறைய முழு உணவு. 1852 வரை நீடித்த அக்கொடுமையில், பசியாலும் காய்ச்சலாலும் ஏறத்தாழ 10 லட்சம் பேர் மாண்டனர். அவர்களினும் மிகுதியானோர் நாட்டைவிட்டுக் கப்பலேறினர். அந்நாளிலும் தானியம் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாகி வந்தது.

பஞ்சத்தின் நூற்றாண்டை ஒட்டி, 1945இல் அயர்லாந்தின் நாட்டார் வழக்காற்று ஆணையம் முதியோரின் வாய்மொழிகளைத் திரட்டியது. அம்மொழிகளில் மீண்டும் மீண்டும் வருவது, இறந்தோர் முறைப்படி அடக்கம் பெறவில்லை என்னும் துயரமே.

அத்துயரின் ஆழத்தை உணர, அவர்களது பழைய முறையை அறிதல் வேண்டும். ஒருவர் இறந்தால் உற்றார் இரவெல்லாம் உடலருகே விழித்திருப்பர். கடிகாரத்தை நிறுத்திவைப்பர். வந்தவர்க்குப் புகையிலையும் களிமண் புகைக்குழாயும் வழங்குவர். பெண்டிர் ஒப்பாரி வைப்பர். அயலார் சவப்பெட்டியைத் தோளில் சுமந்து செல்வர்.

பஞ்சம் இவை அனைத்தையும் குலைத்தது. சுமக்கத் தோள்களில் வலுவில்லை. காய்ச்சலுக்கு அஞ்சி அயலார் வரவில்லை. அடிப்பலகையைக் கீல் வைத்துத் திறக்கும்படி பெட்டிகள் செய்தனர். உடல் குழியில் விழுந்ததும், அதே பெட்டி அடுத்த உடலை எடுக்கத் திரும்பியது. ஸ்கிபரீன் ஊரை அடுத்த இடுகாட்டில் பல்லாயிரவர் பொதுக்குழிகளில் பெயரின்றிக் கிடக்கின்றனர்.

வேறொன்றும் கருதத்தக்கது. முதியோர் பலர், தம் ஊரில் அவ்வளவு துன்பமில்லை, அடுத்த ஊரில்தான் என்று கூறினர். தம் குடும்பத்தார் பட்டினியால் மாண்டனர் என்று சொல்ல நா எழவில்லை போலும்.

அமெரிக்காவுக்குப் புறப்படுவோர்க்கும், முதல்நாள் இரவு, இறந்தார்க்குச் செய்வதுபோலவே உற்றார் விழித்திருந்தனர். சென்றவர் மீளார் என்பதை இரு திறத்தாரும் அறிவர்.

பசிப்புல் வெறும் மூடநம்பிக்கையாகத் தோன்றலாம். ஆயினும், கல்லும் பெயரும் பெறாதவர்களுக்கு அக்கிராமத்தார் செய்த நினைவுக்கடன் அது. ரொட்டித் துண்டோடு புறப்பட்ட ஒவ்வொருவரும், தம்மையறியாமலே, பசித்து மாண்டோரை நினைத்து நடந்தனர்.